ஜெயிச்சது யாரு? நோட்டைக் கேளுங்க!

கொடைக்கானல் கோடை விழாக்களில் ஒரு வேடிக்கையான ஐட்டம் உண்டு. வாத்து பிடிக்கும் போட்டி! ஏரியில் வாத்துகளை விட்டுவிடுவார்கள். போட்டியாளர்கள் படகில் துரத்த வேண்டும். வாத்து ஒரு பக்கம் போகும், படகு இன்னொரு பக்கம் போகும், கரையில் நிற்கிற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

உலகத்திலேயே ஸ்கோர் போடுவதற்குச் சுலபமான போட்டி இதுவாகத்தான் இருக்கும். யார் கையில் வாத்து இருக்கிறதோ, அவர் ஜெயித்தார். அப்பீல் கிடையாது. வாத்தே சாட்சி!

இதற்கு நேர் எதிரான போட்டி ஒன்று இருக்கிறது. ரிமோட் கார் பந்தயம். கையில் பிடிக்க எதுவும் கிடையாது. எல்லாக் காரும் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. முன்னால் போகிற கார் முதல் கார்தானா, இல்லை ஒரு சுற்று பின்தங்கிய கடைசிக் காரா என்று பிரம்மாவுக்குக்கூடத் தெரியாது. பந்தயம் முடிந்ததும் ஆரம்பிக்கும் பாருங்கள் கச்சேரி...

"மாப்ளே, நான் பதினாறு ரவுண்டு!"

"போடா, நீ பதினைஞ்சுதான். நடுவுல ஒரு தடவை குப்புறக் கவுந்தியே!"

"கவுந்தா? கவுந்தா ரவுண்டு இல்லைன்னு ஆயிடுமா?"

இந்த வம்பு வராமல் இருக்க என்ன செய்யலாம்? அதுதான் இந்த வாரச் சங்கதி.

சின்னப் பசங்க சமாசாரமா?

'ரிமோட் காரா? அது என் அக்கா பையன் விளையாடுறது' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த விளையாட்டுக்குப் பெரிய வம்சாவளி இருக்கிறது. 1898ல் நியூயார்க் மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணீரில் சின்னப் படகை மிதக்கவிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் தள்ளி நின்றே ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் மந்திரம் என்றார்கள். 1976ல் ஜப்பானின் டமியா கம்பெனி, போர்ஷே காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி ரிமோட்டில் ஓடவிட்டது. 1985ல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்களுக்கு மண் தரையில் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. ஜப்பான்காரர் மஸாமி ஹிரோஸாகா இந்தப் பொடிக் கார்களை ஓட்டியே 14 உலகப் பட்டங்களை வாங்கிக் குவித்தார்.

நம்ம ஊரிலும் ஆர்வலர்கள் உண்டு. நடிகர் அஜித் ரிமோட் விமானப் பிரியர் என்பது ஊரறிந்த விஷயம். 2018ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' ஆளில்லா விமானக் குழுவுக்கு அவர் ஆலோசகராகவே இருந்தார்.

சரி, நீங்களும் ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு காரோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவர் ஒருவரின் காலி இடத்தில், அனுமதியோடு, ரேஸ் வைக்கிறீர்கள். (ஏரிச் சாலை வேண்டாம் ஸார். அது சைக்கிளுக்கும் குதிரைக்கும் புதுமணத் தம்பதிகளுக்கும் எழுதி வைத்த சொத்து!) சுமார் 7000 அடி உயரத்தில் காற்று மெலிசு. நைட்ரோ எஞ்ஜின் வைத்திருப்பவர், கீழே சமவெளியில் வைத்த எரிபொருள் கலவையை மறுபடி திருகிச் சரிசெய்ய வேண்டும். பேட்டரி வைத்திருப்பவர் குளிருக்குப் பயந்து பேட்டரியை ஸ்வெட்டருக்குள் பொத்தி வைத்திருப்பார். எல்லாரும் காரைப் பற்றியே கவலைப்படுவார்கள்.

ஸ்கோர் போடுவது யார்? அதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ஆறு கார். ஐந்து நிமிஷ ரேஸ். ஆளுக்குப் பதினாறு சுற்று என்றால் மொத்தம் 96 தடவை கோட்டைத் தாண்ட வேண்டும். சராசரியாக மூன்று விநாடிக்கு ஒரு கார்! இதில் பாதி, கும்பலாக வரும். 'நானே எல்லாத்தையும் எண்ணிடுறேன்' என்று ஒருத்தர் மார்தட்டினால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்கார வையுங்கள்.

சுற்று முதலில், நேரம் பிறகு

ரிமோட் கார் பந்தயத்தில் பொதுவாக 'இத்தனை சுற்று ஓடு' என்று சொல்ல மாட்டார்கள். 'இத்தனை நிமிஷம் ஓடு' என்பார்கள். நேரம் முடிந்ததும், அப்போது ஓடிக்கொண்டிருக்கிற சுற்றை முடித்துவிட்டு நிற்க வேண்டும். அதிகச் சுற்று ஓடியவர் ஜெயித்தவர். சுற்று சமமானால், குறைந்த நேரம் எடுத்தவர்.

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். உதாரணம் சொல்கிறேன்.

முதல் ஆள் ஒரு சுற்றுக்கு 19 விநாடி எடுக்கிறார். ஐந்து நிமிஷம், அதாவது 300 விநாடி முடிகிறபோது பதினாறாவது சுற்றில் இருப்பார். அதை முடிக்கும்போது 304 விநாடி. ஸ்கோர்: 16 சுற்று, 5 நிமிஷம் 4 விநாடி.

இரண்டாவது ஆள் 18.7 விநாடிக்காரர். பதினாறாவது சுற்றை 299.2 விநாடியிலேயே முடித்துவிடுகிறார். நேரம் இன்னும் பாக்கி இருக்கிறது, அரைக் கண் சிமிட்டல்தான் என்றாலும்! ஆகவே பதினேழாவது சுற்றுக்குப் போகிறார். முடிக்கும்போது 317.9 விநாடி. ஸ்கோர்: 17 சுற்று, 5 நிமிஷம் 17.9 விநாடி.

விஷயம் தெரியாதவர் இரண்டு நேரத்தையும் பார்த்துவிட்டு, 'முதல் ஆள்தான் சீக்கிரம் முடிச்சான், அவனுக்கே கோப்பை' என்பார். தப்பு! சுற்றுக்கு வெறும் 0.3 விநாடி முந்தியவர், பட்டியலில் முழுசாக ஒரு சுற்று முன்னால் நிற்கிறார். எண்ணுகிறவர் ஒரே ஒரு தடவை கொட்டாவி விட்டால், அந்த உழைப்பு மொத்தமும் காலி.

'பொம்மைக் கார்தானே, ஒரு சுற்று போனால் என்ன?' என்கிறீர்களா? நிஜக் காரில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

58 வருஷம் தாமதமான கோப்பை

1963 டிசம்பர் 1. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்ஸன்வில் நகரம். அரை மைல் மண் பாதையில் 200 சுற்றுப் பந்தயம். வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர், வெள்ளைக்காரர்கள் மட்டுமே கொடி நாட்டிய நாஸ்கார் பந்தயத்தில் சொந்தக் காசைப் போட்டு, பழைய காரைத் தானே ரிப்பேர் செய்து ஓட்டிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு எல்லாரையும் முந்தி 200 சுற்றையும் முடித்தார்.

கொடி அசையவில்லை!

ஸ்காட் விடாமல் இன்னும் இரண்டு சுற்று ஓட்டினார். கொடி அசைந்தது, பக் பேக்கர் என்ற வேறொருவருக்கு. கோப்பையும் அவர் கைக்குப் போனது. ஸ்காட் ஆட்சேபித்தார். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, 'ஸ்கோர் போட்டதில் பிழை, இரண்டு சுற்று முந்தி ஜெயித்தது ஸ்காட்தான்' என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணம் வந்தது. கோப்பை வரவில்லை.

அது உண்மையிலேயே பிழையா, தோலின் நிறத்தைப் பார்த்து வந்த 'பிழை'யா என்று இன்றுவரை பேசுகிறார்கள். 1990ல் ஸ்காட் காலமானார். நாஸ்கார் அந்தக் கோப்பையை அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தது 2021 ஆகஸ்ட்டில். ஏறக்குறைய 58 வருஷம்!

ஸ்கோர் நோட்டு ஒழுங்காக இருந்தால் ஓரவஞ்சனைக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. 'கணக்கு தப்பாயிடுச்சு' என்ற சாக்கு, கணக்கு சரியாக எழுதாத இடத்தில்தான் செல்லுபடியாகும். பந்தயம் உலகச் சாம்பியனுக்கானாலும் சரி, ஹோம்மேட் சாக்லேட் டப்பாவுக்கானாலும் சரி.

வவுச்சர் எங்கே?

பி.காம். படித்ததில் எனக்கு உருப்படியாக மிஞ்சியது ஒரே ஒரு பாடம். வவுச்சர் இல்லாத கணக்கு, கணக்கே இல்லை.

சுற்று எண்ணுகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? நாலு குச்சி போட்டு ஒரு குறுக்குக் கோடு. பால்காரர் கணக்கு! கடைசியில் பதினைந்து என்று வந்தால் பதினைந்துதான். ஒன்று விட்டுப்போனதா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

குச்சிக்குப் பதிலாக, ஒவ்வொரு தடவை கார் கோட்டைத் தாண்டும்போதும் கடிகார நேரத்தை எழுதுங்கள். 19, 38, 57 விநாடி... அடுத்தது 1 நிமிஷம் 35 விநாடி. அட, இடைவெளி திடீரென்று 38 ஆகிவிட்டதே! மிகச் சரியாக இரண்டு மடங்கு. நடுவில் ஒரு சுற்றை எழுத விட்டுவிட்டோம் என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். அதுவே இடைவெளி 31 விநாடி என்றால், கார் எங்கேயோ கவிழ்ந்து எழுந்து வந்திருக்கிறது. கவிழ்ந்த காரை நிமிர்த்திவிடுகிற மார்ஷலைக் கேட்டால், 'ஆமா, அந்த மூணாவது வளைவுல' என்பார். கணக்கு டாலி!

சந்தேகம் வந்தால் அங்கேயே அடித்துத் திருத்தக் கூடாது. ஆபீஸில் புரியாத தொகையை என்ன செய்கிறோம்? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடுகிறோம் இல்லையா, அதே மாதிரி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. ரேஸ் முடிந்த பிறகு பஞ்சாயத்து.

இன்னும் சில சூத்திரங்கள்:

ஒரு காருக்கு ஒரு ஆள். ஆள் பற்றாக்குறை என்றால் இரண்டு கார் வரை. ஓடி முடித்தவர்கள் அடுத்த ரேஸுக்கு மார்ஷலாக நிற்பது இந்த விளையாட்டில் பழைய மரபு. எண்ணும் வேலைக்கும் அப்படியே முறை வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். பார்ப்பவரே எழுதினால், தலை குனிகிற அந்த ஒரு விநாடியில்தான் கார் தாண்டும். மர்ஃபி விதி!

கார் நம்பர் மேலேயும் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். 'சிவப்புக் கார்' என்று எழுதாதீர்கள். ஆறில் நாலு சிவப்பாகத்தான் இருக்கும்.

எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினால் எல்லாருக்கும் ஒரே கடிகாரம். தகுதிச் சுற்றில் ஒவ்வொருவராக விட்டால், அவரவர் முதல் தடவை கோட்டைத் தாண்டுகிறபோது அவரவர் கடிகாரம் தொடங்கும். இரண்டில் எது என்று ரேஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, கையில் இருக்கிற செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, கோட்டையும் ஓடுகிற ஒரு கடிகாரத்தையும் சேர்த்து வீடியோ எடுங்கள். இதைவிட மலிவான ஆடிட்டர் கிடைக்க மாட்டார். 1959ல் முதல் டேடோனா 500 பந்தயத்தில், ஜெயித்தவர் என்று ஜானி பூசாம்ப் பெயரை அறிவித்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து, ஃபோட்டோவையும் ஃபிலிமையும் பார்த்துத்தான் லீ பெட்டிக்கு மாற்றினார்கள். படம் இல்லாவிட்டால் பெட்டி கதி?

இரண்டு பேனா, ஒரு ஸ்கோர்

கிரிக்கெட்டில் மூன்றாவது விதி என்ன தெரியுமா? பேட், பந்து, ஸ்டம்ப் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற விதி. ஸ்கோரர்களைப் பற்றியது! இரண்டு ஸ்கோரர் வேண்டும், இருவரும் அடிக்கடி ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அம்பயர் கையைத் தூக்கினால், ஸ்கோரர் பதிலுக்குச் சைகை காட்டுகிற வரை ஆட்டம் நகரக் கூடாது. வெள்ளைக்காரன் எவ்வளவு அடிபட்டு இந்த விதியை எழுதியிருப்பான்!

ஸ்கோர் சரியாக இருந்தாலும், அதைச் சரியாகப் படிக்க வேண்டும். 2003 மார்ச் 3, டர்பன். உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவும் இலங்கையும் மோதுகின்றன. மழை வரப்போகிறது. 229 எடுத்தால் ஜெயம் என்று நினைத்து, மார்க் பவுச்சர் முரளிதரனை ஒரு சிக்ஸர் விளாசிவிட்டு, அடுத்த பந்தைச் சாதுவாகத் தட்டி வைத்தார். ஆனால் 229 என்பது சமன் ஆகிற எண். ஜெயிக்க 230 வேண்டும்! மேட்ச் டை. சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து தென்னாப்பிரிக்கா வெளியே. ஒரே ஒரு ரன்!

ஆகவே, ரேஸ் தொடங்குமுன் விதிகளை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். சுற்று சமமானால் என்ன, நடுவில் மேகம் இறங்கிப் பாதை மறைந்தால் எந்தச் சுற்றோடு கணக்கை முடிப்பது, எல்லாம். கொடைக்கானலில் மேகம் சொல்லிக்கொண்டு வராது. காலையிலேயே ரேஸை முடிப்பது உத்தமம்.

மெஷின் வந்தாச்சு... ஆனாலும்

'இவ்வளவு கஷ்டம் எதுக்கு, மெஷின் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. காருக்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு சமாசாரம். ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். கோட்டுக்கு அடியில் ஒரு ஒயரைப் புதைத்து வைத்திருப்பார்கள். கார் மேலே போகும்போது டிரான்ஸ்பாண்டரின் நம்பரை ஒயர் கேட்டுக்கொள்ளும். சிக்னல் உச்சத்துக்குப் போகிற கணம்தான் தாண்டிய நேரம். ஆறு கார் ஒட்டிக்கொண்டு வந்தாலும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் விழுந்துவிடும். இதில் பேர்போனது மைலாப்ஸ் என்ற டச்சுக் கம்பெனி. மயிலாப்பூருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மலிவாக, ஒளிக்கற்றையைக் குறுக்கே பாய்ச்சி எண்ணுகிற கருவிகளும் உண்டு. ஆனால் கற்றையை வெட்டியது யார் கார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு கார் சேர்ந்து போனால் ஒன்று என்று எண்ணும். நாய் குறுக்கே போனால் நாய்க்கும் ஒரு சுற்று!

டிரான்ஸ்பாண்டரும் தெய்வம் அல்ல. ஒயர் கழன்றால் ஊமையாகிவிடும். கோட்டின் மேலேயே கார் கவிழ்ந்து கிடந்தால் திரும்பத் திரும்ப எண்ணப் பார்க்கும். அதனால்தான் 'இத்தனை விநாடிக்குக் குறைவாக வந்தால் சுற்றாக எடுக்காதே' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைப்பார்கள். மெஷின் பொய் சொல்லாது, ஆனால் சமயத்தில் சும்மா இருந்துவிடும். பக்கத்தில் பென்சிலோடு ஒரு மனுஷன் இருப்பது நல்லது.

பழனி மலைப் பக்கம் பாறைக்கும் பைன் மர வேருக்கும் பஞ்சமில்லை. அங்கே வட்டம் போடுவதைவிடப் பாறை ஏறும் போட்டி பொருத்தம். கார் நத்தை மாதிரி ஏற வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் அபராதம், வழிகாட்டும் குச்சியில் இடித்தால் அபராதம், கையால் தொட்டால் அபராதம். குறைந்த புள்ளிக்காரர் ஜெயித்தவர். நடுவர் கூடவே நடந்து வருவார். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒவ்வொரு அபராதத்தையும் அப்போதே உரக்கச் சொல்வது. முடிந்த பிறகு மொத்தமாகச் சொன்னால் அது தீர்ப்பு இல்லை, குண்டு!

சூரியனுக்கே ஸ்கோர் ஷீட்!

ஸ்கோர் எழுதுவதற்குக் குரு வேண்டுமானால் கொடைக்கானலிலேயே இருக்கிறார். 1899ல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம். 1904லிருந்து அங்கே சூரியனைப் படம் பிடித்துக் கண்ணாடித் தட்டுகளில் சேர்த்து வைத்தார்கள். சூரியப் புள்ளிகளின் நூறாண்டுக் கணக்கு!

புள்ளி எண்ணுவதிலும் இதே தகராறு உண்டு. ஒரே சூரியனை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும். ருடால்ஃப் வுல்ஃப் என்ற ஸ்விஸ் விஞ்ஞானி 1848ல் இதற்கு ஒரு வழி செய்தார். கூட்டங்களைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளைக் கூட்டி, பிறகு பார்ப்பவரின் கண்ணுக்கும் கருவிக்கும் ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். அதாவது, ஆளுக்கு ஆள் கண் மாறும் என்பதையே கணக்கில் சேர்த்துவிட்டார்! நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ரேஸ் நடுவே எண்ணுகிற ஆளை மாற்றாதீர்கள்.

இன்னொரு பாடம் இதைவிடப் பெரிசு. முடிவை மட்டும் எழுதிக்கொண்டு தட்டுகளை அவர்கள் தூக்கி எறியவில்லை. அதனால்தான் ஒரு நூற்றாண்டு கழித்து அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிதாக அளந்து பார்க்க முடிகிறது. அதே போல், ரிசல்ட் அறிவித்ததும் கசங்கிய ஸ்கோர் ஷீட்டில் பஜ்ஜி எண்ணெயைத் துடைக்காதீர்கள். எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்லப் பத்து நிமிஷம் கொடுங்கள். ஆறு பேரும் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பத்திரமாக ஒரு ஃபைலில்.

பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். மலை ஈரத்தில் மை கலங்கும், பென்சில் கலங்காது.

கோப்பை ஜெயித்தவனுக்கு. ஆனால் முதல் டீ, கோட்டோரமாக ஐந்து நிமிஷம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தானே, அவனுக்கு! கூடவே மிளகாய் பஜ்ஜி. அவன் எத்தனை சாப்பிட்டான் என்பதை மட்டும் யாரும் எண்ணாதீர்கள்.